பூமாதேவியும் எர்த்துக் குழியும்



வருஷத்திற்கு ஒரு நாள் ஆயுத பூசை என்பதாக வருகின்றதல்லவா? அன்றைக்கு உங்கள் ஊர்ப் பக்கத்துச் சப்-ஸ்டேஷன் வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு நாம் சொல்லப்போவது புதிதாயிருக்காது. இரும்புத் தூண்களில் வாழைமரம் கட்டியிருக்கும். சுவிட்சுப் பெட்டிகளுக்கு விபூதிப் பட்டை, டிரான்ஸ்பார்மருக்குச் சந்தனம், குங்குமம், ரோஜா மாலை. வாசலில் பூசணிக்காய் உடைபடும். ஆயிரக்கணக்கான லிட்டர் எண்ணெய் நிரப்பிய டிரான்ஸ்பார்மருக்கு எதிரில் தட்டு நிறையக் கற்பூரம் எரியும். நெருப்புக் கூடாது என்று எழுதிய பலகையும் அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அதற்கும் ஒரு பொட்டு வைத்திருப்பார்கள். கடைசியில் பொரியும் சுண்டலும் எல்லாருக்கும் கிடைக்கும். பொரி சுண்டலைப் பற்றி நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை.

அதே முற்றத்தின் மூலையில் செங்கல் கட்டி மூடி போட்ட சிறு குழிகள் சில இருக்கும். அவற்றிற்கு எர்த்துக் குழி என்று பெயர். அன்றைக்கு அந்த மூடியை எவராவது திறந்து பார்க்கின்றார்களா? குழாயில் பட்டை இறுக்கமாக இருக்கின்றதா, போல்டு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டதா என்று எவராவது கைவைத்துப் பார்க்கின்றார்களா? அதற்கு ஒரு பூவாவது உண்டா? கிடையாது. அந்த ஸ்டேஷனில் வேலை செய்பவர்களின் உயிரைக் காப்பாற்றுவது மாலை போட்ட டிரான்ஸ்பார்மர் அல்ல, கற்பூரம் அல்ல, பூசணிக்காய் அல்ல. மூடி திறக்காத அந்தக் குழியும் அதற்கு அடியில் புதைந்துள்ள இரும்பும்தான்.

எர்த்து என்பது என்ன? இது பெரிய வித்துவான்களுக்கு மாத்திரம் விளங்கும் ரகசியம் என்று யாரும் மலைக்கவேண்டியதில்லை. மின்சாரம் புறப்பட்ட இடத்திற்கே திரும்பிப் போகப் பார்க்கும். அதற்குக் கோபமோ, தாகமோ, பலி கேட்கும் குணமோ இல்லை. டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் சுருள்களின் நடு முனையைப் பூமியோடு பிணைத்து வைத்திருக்கின்றார்கள். ஆகையால் எங்காவது கம்பி அறுந்து மண்ணில் விழுந்தாலும், ஒரு பீங்கான் உடைந்து இரும்புத் தூணில் மின்சாரம் ஏறினாலும், அது மண் வழியாக அந்த நடு முனைக்குத் திரும்பப் பார்க்கும். வழியில் தூணைத் தொட்டுக்கொண்டு மனிதன் நின்றால் அவன் உடல் வழியாகவும் போகும். தடித்த இரும்புப் பட்டை தூணையும் பூமியையும் ஒழுங்காகப் பிணைத்திருந்தால் ஏறக்குறைய முழுவதும் பட்டையின் வழியாகப் போய்விடும். அப்படி வெள்ளம்போல் பாய்வதை ரிலே என்கின்ற கருவி கண்டுகொண்டு, கண் மூடித் திறப்பதற்குள் பிரேக்கரைத் திறந்துவிடும். இவ்வளவுதான் சங்கதி.

ஆனால் ஒரு குழி வெட்டி ஒரு குழாயைப் புதைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய ஸ்டேஷன்களில் தரைக்கடியில் ஏறக்குறைய 2 அடி ஆழத்தில் இரும்புக் கம்பிகளை மீன்வலை பின்னினாற்போல் குறுக்கும் நெடுக்குமாகப் பதித்து, சந்திக்கும் இடங்களிலெல்லாம் பற்றவைத்து, தூண், டாங்கு, சுவிட்சு ஆகிய எல்லாவற்றையும் அதனோடு சேர்த்திருப்பார்கள். அதன் தடை ஒரு ஓமுக்குக் கீழே இருக்கவேண்டும் என்பது வழக்கமான கணக்கு. ஒரு ஓம் மிகச் சொற்பந்தானே என்பீர்கள். 5,000 ஆம்பியர் பூமியில் இறங்கினால் அந்த ஒரு ஓமிலேயே 5,000 வோல்டு எழும்பும்! அந்தக் கணத்தில் முற்றம் முழுவதுமே 5,000 வோல்டு உயரத்தில் நிற்கும். அப்படியானால் உள்ளே நிற்பவன் ஏன் சாவதில்லை? கம்பியில் உட்கார்ந்த காக்கை ஏன் சாவதில்லையோ அதே காரணத்தால்தான். காக்கையின் இரண்டு காலும் ஒரே கம்பியில் இருக்கின்றன. வலை ஒழுங்காக இருந்தால் மனிதனின் கையும் காலும், தூணும் தரையும் ஒன்றாகவே உயர்ந்து ஒன்றாகவே இறங்குகின்றன. நடுவில் ஓரிடத்தில் வலை அறுந்திருந்தால்தான் ஆபத்து. கை ஓர் உயரத்திலும் கால் ஓர் உயரத்திலும் நிற்கும். இடையிலுள்ள வித்தியாசம் நெஞ்சு வழியாகப் பாயும்.

எவ்வளவு பாய்ந்தால் மனிதன் சாவான்? அமெரிக்காவில் காலிபோர்னியா சர்வகலாசாலையில் சார்லஸ் டால்சீல் என்கின்ற பேராசிரியர் இஷ்டப்பட்டு முன்வந்த மனிதர்களையே வைத்துச் சோதனை செய்து, பிடித்த கம்பியை விட முடியாமற் போகும் அளவு ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை என்று கண்டார். 100 மில்லி ஆம்பியர் சில விநாடி நெஞ்சு வழியாகப் போனால் இருதயம் துடிப்பு குலைந்து நின்றுவிடக் கூடும். 40 வாட்டுப் பல்பு ஒன்று எரிவதற்கு 170-க்குமேல் வேண்டும். ஒரு திண்ணை விளக்கிற்குப் போதாத மின்சாரம் ஒரு குடும்பத்தின் விளக்கை அணைத்துவிடும் என்று அர்த்தம்.

அந்த முற்றத்தில் கொட்டியிருக்கும் ஜல்லியைக்கூட அழகுக்காகவோ பாம்பு வராமலிருப்பதற்காகவோ போட்டதாகத்தான் பலர் எண்ணுகிறார்கள். காலுக்கும் மண்ணுக்கும் இடையே மின்சாரம் எளிதில் ஏறமுடியாத ஒரு பாய் விரித்திருப்பதே அதன் முக்கியமான வேலை. மழையில் நனைந்தாலும் ஜல்லிக்கு அந்தக் குணம் பெரும்பாலும் இருக்கும். ஆனால் மண் மூடி, புல் முளைத்து, அதன்மேல் கோலம் போடச் சாணி தெளித்து மெழுகிவிட்டால் போய்விடும்.

இங்கே மாட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். அறுந்து விழுந்த கம்பிக்கருகில் மனிதன் நடந்து தப்பினான், மாடு செத்தது என்று கிராமங்களில் அடிக்கடி கேள்விப்படுகின்றோம். உடனே ஆத்தாள் மனிதனுக்குப் பதிலாக மாட்டை எடுத்துக்கொண்டாள் என்று கிளப்பிவிட்டு, நேர்த்திக்கடன், கோழி, பொங்கல் என்று மாட்டைப் பறிகொடுத்தவனிடமிருந்தே இன்னும் கொஞ்சம் பிடுங்கிவிடுவார்கள். மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையில் மனிதன் எட்டி வைக்கும் அடியைவிடத் தூரம் அதிகம். மின்சாரம் இறங்கும் இடத்தைச் சுற்றித் தரையில் ஒவ்வொரு அடிக்கும் வோல்டு குறைந்துகொண்டே போவதால், கால்களுக்கிடையே தூரம் அதிகமானால் வித்தியாசமும் அதிகம். அன்றியும் முன்னங்காலிலிருந்து பின்னங்காலுக்குப் போகும் வழியில்தான் மாட்டின் இருதயம் இருக்கின்றது. மனிதனுக்கு ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடுகின்றது. ஆத்தாளுக்கு இதில் வேலை எங்கே இருக்கின்றது? இதைத் தெரிந்துகொண்ட கிராமத்தானுக்கு ஒரு லாபமும் உண்டு: கம்பி விழுந்து கிடக்கும் இடத்தில் அகப்பட்டுக்கொண்டால் எட்டி அடிவைத்து ஓடக்கூடாது, இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்துத் தரையைத் தேய்த்தபடியே விலகவேண்டும். உயிரை மிச்சம் பிடிக்கும் இந்தச் சேதியை எந்தக் கோவில் கதாகாலட்சேபத்திலாவது சொல்லியிருக்கின்றார்களா?

நிற்க. ஸ்டேஷன் கட்டுவதற்கு முன்னால் பூமி பூசை என்று ஒன்று நடக்கின்றது. ஈசான்ய மூலையில் குழி தோண்டி நவதானியமும் பாலும் ஊற்றுகின்றார்கள். பூமியின் குணத்தை அறிவதற்கு வேறொரு வழி இருக்கின்றது. 1915-ல் பிராங்க் வென்னர் என்கின்ற அமெரிக்கர் எழுதிவைத்த வழி அது. நான்கு இரும்பு முளைகளைச் சம தூரத்தில் ஒரே நேர்கோட்டில் அடித்து, வெளி முளைகள் இரண்டின் வழியாக மின்சாரத்தை விட்டு, உள் முளைகள் இரண்டிற்கும் இடையே வோல்டை அளந்தால் மண்ணின் தடை தெரிந்துவிடும். களிமண்ணா, செம்மண்ணா, பாறையா, எவ்வளவு இரும்பு புதைக்கவேண்டும் என்பதெல்லாம் இதிலிருந்து கணக்காய் வரும். பால் ஊற்றினால் இதில் எது தெரியும்? பாறை நிலத்தைப் பால் களிமண்ணாக்கிவிடுமா?

நல்ல நாள் பார்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளே எர்த்தின் தடையை வறண்ட காலத்தில், ஒரு வறண்ட நாளில் அளக்கவேண்டும் என்றும், அளந்ததை எழுதி வைத்து இன்ஸ்பெக்டர் கேட்டால் காட்டவேண்டும் என்றும் சொல்லின. மழைக்காலத்தில் ஈர மண் நல்ல பிள்ளைபோல் நடிக்கும். வெயிலில்தான் அதன் யோக்கியதை வெளியாகும். அக்கினி நட்சத்திரத்தில் சுப காரியம் கூடாது என்கின்றார்கள் பஞ்சாங்கக்காரர்கள். எர்த்து அளப்பதற்கு அதைவிடச் சுபமான முகூர்த்தம் நமது நாட்டில் வேறு கிடையாது! ஆயுத பூசையோ மழை தொடங்குகின்ற காலத்தில் வருகின்றது. இதிலும் ஒரு தந்திரம் உண்டு. அளக்க ஆள் வருகின்றான் என்று தெரிந்ததும் இரண்டு குடம் தண்ணீரைக் குழியில் ஊற்றிவிட்டு நல்ல கணக்கைக் காட்டிவிடுவது. கோடையில் நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றி வந்தால் அது பராமரிப்பு. அளக்கிற அன்றைக்கு மாத்திரம் ஊற்றுவதற்குக் கும்பாபிஷேகம் என்றுதான் பேர் வைக்கவேண்டும். கரியும் உப்பும் போட்ட குழியாயிருந்தால் அந்த உப்பே வருஷக்கணக்கில் குழாயை அரித்துத் தின்றுவிடும் என்பதும், செம்புப் பட்டையாயிருந்தால் திருடன் கழற்றிக்கொண்டு போய்விடுவான் என்பதும் அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாததல்ல.

இவ்வளவு சொன்ன பிறகு வைதீகர்கள் ஒரு புதுச் சரக்கை எடுத்துக்கொண்டு வருவார்கள். “இதெல்லாம் நமது முன்னோர்களுக்குத் தெரியாததா? கோபுரக் கலசம் என்பதே இடிதாங்கிதானே! வரகு போட்டு வைத்ததும் அதற்குத்தானே!” என்பார்கள். இடிதாங்கியில் உச்சியில் இருக்கும் கூர்முனை முக்கால் பங்கு வேலையைச் செய்வதல்ல. அங்கிருந்து அறுபடாமல் கீழே இறங்கும் கம்பியும், அது போய்ச் சேரும் எர்த்துந்தான் இடிதாங்கி. கலசத்திலிருந்து பூமிவரை இறங்கும் கம்பி எந்தக் கோபுரத்தில் முன்னோர்கள் வைத்தார்கள்? கீழே கம்பியில்லாத உலோகத்தை உயரத்தில் வைத்தால் விழுந்த இடி கல்லையும் சுதையையும் பிளந்துகொண்டுதான் இறங்கும். இன்று பெரிய கோவில் கோபுரங்களில் தனியாக இடிதாங்கி பொருத்திக் கம்பியைக் கீழே இறக்கியிருக்கின்றார்களே, கலசம் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தால் இந்தச் செலவு எதற்கு?

நமது நாட்டு மதத்தை மாத்திரம் சொல்லுகின்றோம் என்று யாரும் வருத்தப்படவேண்டாம். ஐரோப்பாவில் புயல் வரும்போது சர்ச்சு மணியை அடித்தால் இடி விலகும் என்று நம்பினார்கள். ஜெர்மனியில் 1784-ல் வெளியான ஒரு கணக்கின்படி 33 வருஷத்தில் 386 கோபுரங்களில் இடி விழுந்து, மணியடித்துக்கொண்டிருந்தவர்கள் 103 பேர் மாண்டார்கள். நனைந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊரிலேயே உயரமான கட்டடத்தின் கீழ் நிற்கும்படி அந்த ஏழைகளை அனுப்பியது யார்? பிராங்க்ளின் 1752-ல் பட்டம் விட்டு மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று காட்டி, இடிதாங்கியைக் கொடுத்த பிறகும் பாஸ்டன் நகரத்துத் தாமஸ் பிரின்ஸ் என்கின்ற பாதிரியார், 1755-ல் வந்த பூகம்பத்திற்கு இடிதாங்கிகள் பூமிக்குள் மின்சாரத்தை ஏற்றியதே காரணம் என்று கிளப்பினார். வெனிஸ் நகரத்து மார்க்கு கோபுரமோ நூற்றாண்டுக்கு நூற்றாண்டு இடி விழுந்து எரிந்துகொண்டிருந்தது. 1776-ல் அதன்மேல் இடிதாங்கி ஏறியது. ஜெபத்தினால் முடியாத காரியத்தைக் கம்பி செய்தது. ஐரோப்பியர்கள் பாதிரியாரைச் சர்ச்சுக்குள் உட்காரவைத்துவிட்டுக் கம்பியை வெளியே கட்டிக்கொண்டார்கள். நாமோ கம்பியை அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டு, அதற்குப் பூசைபோட நமது பாதிரியாரை ஸ்டேஷனுக்குள் அழைத்துக்கொண்டு வந்திருக்கின்றோம்.

“பூசையும் செய்கிறோம், எர்த்தையும் பார்க்கிறோம், இதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?” என்று நமது தொழிலாளித் தோழர்களே கேட்கின்றார்கள். நியாயமான கேள்விதான். நஷ்டம் சுண்டலுக்கான காசில் இல்லை. வருஷம் முழுவதும் விபத்தில்லாமல் கழிந்தால் பூசையின் மகிமை என்கின்றீர்கள். ஒருவன் செத்தால் அவன் விதி என்கின்றீர்கள். அப்படியானால் எர்த்தைப் பார்க்காமல் விட்டவனுக்குப் பழி எப்போது வரும்? காப்பாற்றினதற்குப் பெருமை சாமிக்கு, கொன்றதற்குப் பொறுப்பு விதிக்கு என்று எழுதி முடித்துவிட்டால் நடுவில் சம்பளம் வாங்குகிறவனுக்கும் கான்டிராக்டருக்கும் என்ன கவலை?

2023-ம் வருஷம் ஜூலை 19-ந் தேதி உத்தரகண்டில் சமோலியில் நடந்ததைப் பாருங்கள். அலக்நந்தா ஆற்றங்கரையில், கங்கையைச் சுத்தம் செய்யும் திட்டத்தில் கட்டிய சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையம் அது. உலகத்தார் பாவத்தையெல்லாம் போக்கும் கங்கைக்குத் தன் சாக்கடையைப் போக்கிக்கொள்ள மோட்டார் வேண்டியிருக்கின்றது என்பது ஒருபுறமிருக்கட்டும். முந்தின இரவில் அங்கு வேலை பார்த்த ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்தார். காலையில் போலீசாரும் ஊர்க்காவல் படையினரும் ஊராரும் வந்து கூடினார்கள். இரும்புத் தடுப்புகளில் மறுபடியும் மின்சாரம் பாய்ந்தது. மொத்தம் 16 பேர் செத்தார்கள். செத்தவனைப் பார்க்க வந்தவர்களும் செத்தார்கள். ஒழுங்கான எர்த்தும் ஒழுங்காக வேலை செய்யும் பாதுகாப்புச் சுவிட்சும் உள்ள இடத்தில் கைப்பிடிக் கம்பி உயிர்க்கம்பியாக நின்று மனிதனைப் பிடித்துக்கொள்ள வழியில்லை என்பதை எந்த வயர்மேனைக் கேட்டாலும் சொல்லுவான். 16 பேருக்கும் ஒரே காலையில் ஒரே கைப்பிடியில் விதி முடிந்தது என்று சொல்ல எந்த ஜோசியனுக்காவது தைரியம் உண்டா?

நமது தஞ்சை ஜில்லாவுக்கே வருவோம். 2022-ம் வருஷம் ஏப்ரல் 27-ந் தேதி விடிவதற்குள் களிமேட்டில் அப்பர் சதயத் திருவிழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டுச் சிறுவர்கள் உட்பட 11 பேர் மாண்டார்கள். செத்தவர்களைக் குறைசொல்ல நமக்கு மனம் வராது. அவர்கள் நமது உறவின்முறைக்காரர்கள், நமது குழந்தைகள். ஆனால் பக்தியோடு தேரைப் பிடித்த கைகளையே மின்சாரம் தாக்கும்போது, மாலை போட்ட டிரான்ஸ்பார்மர் பக்தனைப் பார்த்து ஒதுங்கும் என்று நம்புகிறவனை நாம் என்னவென்று சொல்லுவது? மின்சாரத்திற்குப் பக்தனும் நாத்திகனும் ஒன்று. பார்ப்பானும் பறையனும் ஒன்று. நமது நாட்டில் மனிதர்களை இப்படிச் சமமாக நடத்துவது அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் அதன்முன் அனுப்பப்படுகிறவர்கள் சமமானவர்களா? அர்ச்சகர் வாசலில் நின்று தீபாராதனை காட்டிவிட்டுத் தட்சணையை வாங்கிக்கொண்டு போய்விடுகின்றார். மந்திரத்தின் சக்தியை நம்பி எர்த்தைக் கழற்றிவிட்டு டாங்கைத் தொடும்படி அவரை நாம் கேட்கப்போவதில்லை, அவரும் பிள்ளைகுட்டிக்காரர். கம்பத்தில் ஏறுகிறவன் வேறு. நிரந்தரம் இல்லாத, தினக்கூலிக்கு ஒப்பந்தக்காரன் அனுப்பிய, கையுறை கேட்டால் நாளைக்கு வராதே என்று சொல்லப்படுகிற ஏழை வீட்டுப் பையன். லைன் கிளியர் வாங்கியாயிற்று, கரண்டு இல்லை என்று அவனை ஏற்றுகின்றார்கள். கலியாண மண்டபத்து ஜெனரேட்டர் பின்வழியாகக் கம்பியில் மின்சாரத்தை ஏற்றலாம். பக்கத்தில் ஓடும் இன்னொரு லைனின் தூண்டுதலினாலும் அணைத்த லைனில் மின்சாரம் நிற்கலாம். யாராவது தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிடலாம். வேலை செய்யும் இடத்திற்கு இரண்டு பக்கமும் எர்த்து ராடு மாட்டியிருந்தால் இந்த மூன்றில் எது வந்தாலும் பெரும்பாலும் அவன் பிழைத்துக்கொள்ளுவான். முதலில் பூமி முனையைக் கட்டிப் பிறகு லைனில் மாட்டவேண்டும். கழற்றும்போது லைனை முதலில் கழற்றவேண்டும். மாட்டுவதற்குச் சில நிமிஷம் பிடிக்கும். “இதற்கெல்லாம் நேரமில்லை, சாமியைக் கும்பிட்டு ஏறு” என்கின்ற மேஸ்திரியைக் கண்டால் அவனிடம் கேளுங்கள், சாமியின் தடை எத்தனை ஓம் என்று.

வாசகத் தோழர்களுக்கு ஒரு வேலை வைக்கின்றோம். உங்கள் ஊர் சப்-ஸ்டேஷன் வாசலுக்கு நான்கைந்து பேராகப் போங்கள். முற்றத்திற்குள் கால் வைக்காதீர்கள். வாசலில் நின்றே மரியாதையாகக் கேளுங்கள். எர்த்தை எந்தத் தேதியில் அளந்தீர்கள்? அன்று மழையா, வெயிலா? எத்தனை ஓம் வந்தது? எர்த்து ராடுகள் எத்தனை இருக்கின்றன, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கொடுக்கின்றீர்களா? அந்தக் கணக்கை வாசலில் ஒரு பலகையில் எல்லாருக்கும் தெரிய எழுதி வைக்கவேண்டும் என்றும் கேளுங்கள். பூசைக்குக் கட்டுகிற தோரணத்தைவிட ஒரு பலகைக்குச் செலவு அதிகமாகாது. பதில் சொல்லாவிட்டால் மின் ஆய்வுத்துறை இன்ஸ்பெக்டருக்குக் கையெழுத்துகளோடு ஒரு மகஜர் அனுப்பி, நகலொன்றை நமக்கும் அனுப்புங்கள். அங்கே வேலை செய்கிறவர்களின் பெயர் எதுவும் வேண்டாம். ஊர், தேதி, ஓம் இம்மூன்றும் போதும். வந்த வரிசைப்படி வாராவாரம் அச்சிடுகின்றோம்.